நிறமற்ற கூம்பு: கெரடோகோனஸ், கடினத் தொடுவில்லை, சித்தூர்–திருப்பதி வட்டாரம் – ஒரு வரலாற்றுக் குறிப்பு

(நீண்ட பதிவு. மருத்துவ வரலாறு, மொழியியல், வட்டார வரலாறு ஆகியவற்றில் ஈடுபாடுள்ள நண்பர்களும் மாணவர்களும் பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன். நான் மருத்துவன் அல்லன். இது சிகிச்சைக் குறிப்பும் அன்று.)

கண்ணின் முன்புறத்தில் கடிகாரக் கண்ணாடிபோல் அமைந்திருக்கும் ஒளிபுகும் படலம் மெல்ல மெல்ல மெலிந்து, உருண்டை வடிவம் இழந்து, கூம்புபோல் முன்னே தள்ளி நிற்கும் நோய்க்குக் கெரடோகோனஸ் என்று பெயர். பெரும்பாலும் பதின்வயதில் தொடங்குகிறது, இருபதுகளில் வளர்கிறது, நாற்பதை நெருங்கும்போது பெரும்பாலோர்க்குத் தணிந்துவிடுகிறது. ஒருவர் படிக்கவும் தேர்வெழுதவும் தொழில் கற்கவும் வேண்டிய ஆண்டுகளே இந்நோயின் ஆண்டுகளாகவும் இருக்கின்றன. தொடக்க நிலையில் மூக்குக்கண்ணாடி உதவும். கூம்பு வளர்ந்தபின் எந்த மூக்குக்கண்ணாடியும் தெளிவான பார்வையைத் தராது. அந்நிலையில் பலருக்குப் பார்வையை மீட்டுத் தருவது, கருவிழியின்மேல் பொருத்தப்படும் கடினத் தொடுவில்லை. மக்கள் வழக்கில் ‘ஹார்டு காண்டாக்ட் லென்ஸ்’.

இவ்வில்லையின் வரலாறு வழக்கமாகக் கண்டுபிடிப்பாளர் பட்டியலாகவே எழுதப்படுகிறது: இன்னார் கண்ணாடியில் செய்தார், இன்னார் பிளாஸ்டிக்கில் செய்தார், இன்னார் காற்றுப்புகும் பொருளில் செய்தார். அப்பட்டியல் தவறன்று, ஆனால் போதாது. கண்ணுக்குப் புலப்படாத ஒரு வடிவக்கேட்டைக் காணும்படி செய்ததும், ஒரே நோயாளியை மீண்டும் மீண்டும் அழைத்துப் பார்த்ததுமே இந்த வில்லையைப் பயனுடையதாக்கின என்பது இப்பதிவின் கருத்து. இவ்வாறு நோக்கினால் யெனாவும் லண்டனும் மட்டுமன்றிச் சித்தூரும் திருப்பதியும் இவ்வரலாற்றுக்குள் வருகின்றன.

1. பெயர் இல்லாத நோய்

மொழியியல் மாணவன் என்ற முறையில் முதலில் சொற்களைப் பார்க்கிறேன். சித்த மருத்துவ மரபு கண்ணோய்களை 96 என எண்ணுகிறது. மக்கள் வழக்கும் வளமானது. கருவிழியில் வெண்தழும்பு தோன்றினால் ‘கண்ணில் பூ விழுந்தது’ என்கிறோம். தெலுங்கிலும் அதே உருவகம், ‘புவ்வு’, வழங்குகிறது. மாலைக்கண், கண்புரை, கண்கட்டி ஆகியவை எல்லாம் பிறர் பார்த்தோ நோயாளி எளிதில் சொல்லியோ உணரக்கூடியவை.

கூம்புக் கருவிழிக்கு நான் அறிந்தவரை அத்தகைய மக்கள் வழக்குச் சொல் தமிழில் இல்லை. காரணத்தை ஊகிப்பது கடினமன்று. பூ வெண்மையானது, எதிரில் நிற்பவர்க்குத் தெரியும். கூம்போ நீர்த்துளிபோல் தெளிவானது. நோய் நன்கு முற்றியபின், நோயாளி கீழே நோக்கும்போது கீழிமை ஆங்கில ‘வி’ எழுத்தைப்போல் வளைந்து தள்ளுவதைக் காணலாம்; மருத்துவர்கள் இதனை மன்சன் குறி என்பர். அதற்கு முன்புவரை வீட்டாருக்கும் ஆசிரியர்க்கும் அக்கண் பழுதற்ற கண்ணாகவே தோன்றும். கண்ணாடி மாற்றியும் படிக்க முடியவில்லை என்று சொல்லும் பிள்ளை சாக்குச் சொல்வதாகவே கருதப்படும்.

நோய்க்கு மட்டுமன்றி, நோய் தாக்கும் உறுப்புக்கும் நம் மொழிகள் தடுமாறியே பெயரிட்டுள்ளன. கார்னியா என்னும் அப்படலத்தை மருத்துவமனைகள் ‘கருவிழி’ என்கின்றன. கலைச்சொல் பட்டியல்கள் ‘விழிவெண்படலம்’ என்கின்றன. தெலுங்குப் பாடநூல் ‘சுக்லபடலம்’ என்கிறது. ஒன்று அதனைக் கருமையாக்குகிறது. மற்ற இரண்டும் வெண்மையாக்குகின்றன. உண்மையில் அதற்கு நிறமே இல்லை. பின்னால் இருக்கும் கருமண்டலத்தின் நிறத்தைப் படலத்தின் நிறமாக எண்ணியதன் விளைவு ‘கருவிழி’. இதில் மேலைமொழிகளையும் விதிவிலக்காகக் கொள்ள வேண்டியதில்லை. ‘கார்னியா’ என்ற இலத்தீன் சொல்லும், ‘கெரஸ்’ என்ற கிரேக்கச் சொல்லும் கொம்பு என்ற பொருளிலிருந்து வந்தவை. மெல்லியதாகச் சீவிய கொம்பு ஓரளவு ஒளியை விடும் என்பதே அங்கு உருவகம். கெரடோகோனஸ் என்றால் ‘கொம்புப்படலக் கூம்பு’. ஒளிபுகும் பொருளுக்குப் பெயரிடுவது எங்கும் கடினமாகவே இருந்திருக்கிறது.

2. கூம்பைக் கண்டவர்கள்

1748இல் ஜெர்மானிய மருத்துவர் புர்க்கார்ட் மௌகார்ட் இத்தகைய கண்ணொன்றை விவரித்தபோது அவர் கையாண்ட இலத்தீன் பெயரிலேயே ‘ஒளிபுகும்’ என்ற அடை இருந்தது. 1854இல் லிவர்பூலைச் சேர்ந்த ஜான் நாட்டிங்காம் கூம்புக் கருவிழி பற்றித் தனிநூல் எழுதி, அதனைப் பிற கருவிழி வீக்கங்களிலிருந்து தெளிவாகப் பிரித்தார். 1859இல் வில்லியம் பௌமன், அப்போது புதிதாக வந்திருந்த கண்ணக நோக்கியின் ஒளியைச் சாய்த்துச் செலுத்தி, கண்மணிக்குள் அசையும் நிழலைக் கொண்டு கூம்பைக் கண்டறியும் வழியைக் காட்டினார். ‘கெரடோகோனஸ்’ என்ற பெயரை நிலைநிறுத்தியவர் ஸ்விட்சர்லாந்தின் ஜொஹான் ஹோர்னர், ஆண்டு 1869.

1880இல் போர்ச்சுகல் நாட்டு அந்தோனியோ பிளாசிதோ மிக எளிய கருவியொன்றை அமைத்தார். வெள்ளையும் கறுப்புமாக வட்டங்கள் வரைந்த ஒரு தட்டு. நடுவில் பார்ப்பதற்கு ஒரு துளை. தட்டை நோயாளியின் கண்முன் பிடித்தால் கருவிழியின் ஈரப்பரப்பில் அவ்வட்டங்கள் பிரதிபலிக்கும். நலமான கண்ணில் ஒருமைய வட்டங்கள் ஒழுங்காய் அமையும். கூம்புக் கண்ணில் முட்டை வடிவாகி ஒரு பக்கம் நெருங்கி நிற்கும். இன்று கணினித் திரையில் சிவப்பும் நீலமுமாக வரும் கருவிழி வரைபடங்களிற் பல, அடிப்படையில் பிளாசிதோ தட்டின் வழித்தோன்றல்களே. நிறமற்ற படலத்தின் வடிவத்தைப் பிரதிபலிப்பின் மூலம் படிக்கலாம் என்ற இந்த அறிவு இல்லாமல், பொருத்துதல் என்ற பேச்சுக்கே இடமில்லை.

3. கண்ணாடிக் கிண்ணங்கள்

தொடுவில்லை என்ற எண்ணமே சீரற்ற கருவிழியை முன்னிட்டுப் பிறந்தது என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். 1801இல் தாமஸ் யங், நீர் நிரப்பிய குழாயைத் தம் கண்ணில் பொருத்திக் கருவிழியின் ஒளிவிலகலை நீக்கிப் பார்த்தார். அது ஆய்வு மட்டுமே. வானியலாளர் ஜான் ஹெர்ஷல் ஒளி குறித்த தம் நெடுங்கட்டுரையில், கருவிழி மிகவும் சீர்கெட்டிருந்தால் கண்ணாடிக் கூட்டுக்குள் கூழ்ப்பொருளை வைத்துக் கண்மேல் பொருத்தலாம், அல்லது கருவிழியையே அச்செடுக்கலாம் என்று எழுதினார். உணர்விழக்கச் செய்யும் மருந்து கண் மருத்துவத்தில் இல்லாத காலம் அது. எண்ணம் ஏட்டில் தங்கியது. 1884இல் கார்ல் கொல்லர் கொக்கெய்ன் கரைசலால் கண்ணை மரத்துப்போகச் செய்யலாம் என்று காட்டியபின், நான்கே ஆண்டுகளில் வில்லைகள் கண்ணேறின.

1888இல் ஜூரிச் நகரில் அடோல்ஃப் ஓய்கன் ஃபிக், முதலில் முயல்களின் கண்களிலும் பின் தம் கண்ணிலும் அதன்பின் நோயாளிகளிடமும் கண்ணாடிக் கிண்ணங்களைப் பொருத்திப் பார்த்து, ‘காண்டாக்ட்’ என்ற சொல்லைத் தலைப்பிலேயே கொண்ட கட்டுரையை வெளியிட்டார். வில்லைக்கும் கண்ணுக்கும் இடையே சர்க்கரைக் கரைசல் நிரப்பினார். அவர் மனத்தில் முதன்மையாக இருந்தவர்கள் சீரற்ற கருவிழி உடையோரும் கெரடோகோனஸ் நோயாளிகளுமே. அதே ஆண்டில் பாரிஸ் நகரில் யூஜீன் கால்ட், கூம்பை அழுத்தித் தட்டையாக்கும் நோக்குடன் கண்ணாடி ஓடுகளைப் பொருத்தினார். 1889இல் கீல் பல்கலைக்கழகத்தில் ஆகஸ்ட் முல்லர் என்னும் மருத்துவ மாணவர் தம் கடுங்கிட்டப்பார்வைக்காகத் தாமே அணிந்து பார்த்த வில்லைகளைப் பற்றி முனைவர்ப் பட்ட ஆய்வேடு எழுதினார். அரைமணி நேரத்திற்குமேல் அவரால் அணிய இயலவில்லை.

ஃபிக்கின் வில்லையும் கால்ட்டின் வில்லையும் தோற்றத்தில் நெருங்கியவை, நோக்கத்தில் எதிரெதிரானவை. ஃபிக் கூம்பைத் தொடாமல் அதன்மேல் புதிய ஒளிப்பரப்பை அமைக்க விரும்பினார். கால்ட் கூம்பையே நெறிப்படுத்த விரும்பினார். ‘மூடுவதா, அழுத்துவதா’ என்ற இவ்வினா அடுத்த நூறாண்டுகளுக்கு இத்துறையை விட்டு நீங்கவில்லை.

1920களில் யெனா நகரின் ஸைஸ் நிறுவனம் அரைத்துச் செய்த கண்ணாடி வில்லைகளைச் சோதனைத் தொகுதியாக விற்றது. எல்லாக் கண்ணுக்கும் சில அளவுகளே. புடாபெஸ்ட் நகரின் யோசெஃப் டல்லோஸ் இதற்கு எதிர்த்திசையில் சென்றார்: உயிருள்ள கண்ணை அச்செடுத்து, ஒவ்வொருவர்க்கும் தனித்தனியே வில்லை செய்தார். வில்லையின் கீழே கண்ணீர் ஓட்டம் தடைப்படக் கூடாது என்பதை உணர்ந்து விளிம்புகளையும் இடைவெளிகளையும் திருத்தினார். 1937இல் லண்டனுக்குக் குடிபெயர்ந்து அங்கும் இப்பணியைத் தொடர்ந்தார். நிறுவனத்தின் தொகுதியைவிட இம்மருத்துவரின் பொறுமையே பிற்காலப் பொருத்துநர்க்கு முன்மாதிரி ஆயிற்று.

4. பிளாஸ்டிக்கும் கண்ணீரும்

1930களின் இறுதியில் பி.எம்.எம்.ஏ. என்னும் ஒளிபுகும் பிளாஸ்டிக் கண்ணாடியின் இடத்தைப் பிடிக்கத் தொடங்கியது. 1948இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் கெவின் டூயி, வெள்ளைவிழிவரை பரவாமல் கருவிழிமேல் மட்டும் அமரும் சிறு வில்லைக்குக் காப்புரிமை கோரினார். இன்றைய சிறு கடின வில்லைகள் அவ்வடிவின் தொடர்ச்சி.

அந்த வில்லை ஏன் உதவுகிறது? சாதாரணக் கருவிழியின் முன்பரப்பு ஏறத்தாழ 7.8 மி.மீ. ஆரமுடையது, அளவியில் 43, 44 டயாப்டர் காட்டும். கூம்பு முற்றினால் 60 டயாப்டரையும் தாண்டலாம், ஆரம் 5.6 மி.மீ. அளவுக்குச் சுருங்கும். அதனினும் பெருந்தொல்லை, பரப்பு எங்கும் ஒரே சீராக இல்லாமை. ஒவ்வொரு பகுதியும் ஒளியை வேறொரு திசையில் வளைப்பதால் ஒரே கண்ணில் ஒரு விளக்கு மூன்று நான்காகவும், அவற்றோடு வால் நீண்ட நிழல்களாகவும் தெரியும். கடின வில்லையை வைத்தால் அதன் அடியிலுள்ள இடைவெளிகளைக் கண்ணீர் நிரப்புகிறது. காற்றின் ஒளிவிலகல் எண் 1. கருவிழியின் எண் 1.376, கண்ணீரின் எண் 1.336. காற்றுக்கும் கருவிழிக்கும் இடையே இருந்த 0.376 என்ற வேறுபாடு, கண்ணீருக்கும் கருவிழிக்கும் இடையே 0.040 ஆகக் குறைகிறது. முன்பரப்பின் கோணல்களால் வந்த கேட்டில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே எஞ்சுகிறது. ஒளி முதலில் சந்திப்பது வில்லையின் சீரான பரப்பை. சேற்றுநிலத்தின் மேடுபள்ளத்தை நீர் நிரப்பிச் சமமாக்குவதைப் போன்ற எளிய இயற்பியல் இது.

1961இல் பிராக் நகரில் ஓட்டோ விக்டர்லே செய்த மென்வில்லை தொடுவில்லையைப் பல கோடி மக்களிடம் கொண்டு சேர்த்தது. கூம்பு நோயாளிக்கு அது பெரும்பாலும் பயன்படவில்லை. மென்மையான வில்லை கூம்பின்மேல் படிந்து கூம்பின் வடிவையே எடுத்துக்கொள்ளும். இடையே கண்ணீர் வில்லை உருவாகாது. சந்தை முழுதும் மென்வில்லை பக்கம் சாய்ந்தபோது கடின வில்லை சிறுபான்மையினரின் பொருளாயிற்று. அதனைப் பொருத்தத் தெரிந்த கைகளும் குறைந்தன. இத்துறையின் பெரிய இழப்பு இதுவென்று எனக்குத் தோன்றுகிறது.

பி.எம்.எம்.ஏ. உயிர்க்காற்றை ஊடுருவ விடாது. கருவிழிக்குக் குருதிக்குழாய் இல்லை. தனக்கு வேண்டிய ஆக்சிஜனைக் கண்ணீர் வழியே காற்றிலிருந்து பெறுகிறது. தொடுவில்லையின் அடியில் அது திணறுவதை 1950களின் தொடக்கத்தில் ஜார்ஜ் ஸ்மெல்சர் ஆய்வால் காட்டினார். 1970களின் இறுதியில் சிலிக்கோன் கலந்த காற்றுப்புகும் கடின வில்லைகள் வந்தபின், நாள்முழுதும் அணிவது பலர்க்கு இயன்றது. நியூசிலாந்தின் பால் ரோஸ் 1980களின் இறுதியில், கூம்பு செங்குத்தாக ஆக ஆக நடுப்பகுதி சுருங்கும்படி வில்லையின் பின்பரப்பை அமைத்தார். ரோஸ் கே என்ற பெயரில் அது உலகெங்கும் பரவியது. பெரிய ஸ்கிளிரல் வில்லையும் புதுப்பொருளில் மீண்டு வந்தது. வெள்ளைவிழிமேல் அமர்ந்து, கருவிழியைத் தொடாமல், நடுவே நீர்த்தேக்கம் வைத்திருக்கும் இவ்வில்லையில் நூறாண்டுக்கு முந்தைய ஃபிக்கின் நோக்கம் நிறைவேறியது. ‘தொடுவில்லை’ என்ற பெயர் தொடாத வில்லைக்கும் நிலைத்துவிட்டது.

5. பொருத்துதல் என்னும் வேலை

கடின வில்லையைப் பவர் எழுதிய சீட்டைக் கொடுத்துக் கடையில் வாங்க முடியாது. வரைபடத்தைப் பார்த்து ஆப்டோமெட்ரிஸ்ட் ஒரு சோதனை வில்லையைத் தேர்கிறார், கண்ணில் வைக்கிறார், கண்ணீர் பெருகி அடங்கும்வரை இருபது முப்பது நிமிடம் காத்திருக்கிறார். பின் ஃபுளூரசீன் என்னும் மஞ்சள் சாயத்தைக் கண்ணீரில் கலந்து, நீல ஒளியில் பார்க்கிறார். கண்ணீர் தேங்கிய இடம் பச்சையாய் ஒளிரும். வில்லை கருவிழியைத் தொடும் இடம் கருமையாய் நிற்கும். 1930களின் இறுதியில் நியூயார்க் நகரின் தியோடர் ஆப்ரிக் பரப்பிய முறை இது. கண்ணுக்குப் புலப்படாத இரண்டு பரப்புகளுக்கு இடையிலுள்ள மைக்ரான் அளவு இடைவெளி நிறமாகி விடுகிறது. வில்லை தட்டையாக இருந்தால் கூம்பின் நுனியில் கரும்புள்ளி அகலும்; செங்குத்தாக இருந்தால் நடுவே பச்சைக்குளம் தேங்கி, ஓரம் இறுகும். நுனியிலும் இருபக்கமும் மெல்லத் தொட்டு எடை பகிர்ந்துநிற்கும் அமைப்பைப் பலர் நாடுகின்றனர்.

கால்ட்டின் பழைய ஆசைக்கு இங்கேதான் விடை கிடைத்தது. தட்டையான வில்லை கூம்பை அழுத்தும். பார்வை சற்றுத் தெளிவாகவும் இருக்கலாம். ஆனால் கூம்பின் நுனியில் உரசல் தொடர்ந்தால் தழும்பு ஏற்படும். 1982இல் டொனால்ட் கோர்பும் தோழர்களும் சிறிய எண்ணிக்கை நோயாளிகளிடம் செய்த ஒப்பீடு தட்டைப் பொருத்தத்தின் இத்தீமையைச் சுட்டியது. பின்னர் அமெரிக்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளைப் பல்லாண்டு தொடர்ந்த ஆய்வும் தட்டைப் பொருத்தத்திற்கும் தழும்புக்கும் உள்ள தொடர்பைக் கண்டது. வில்லை நோயை நிறுத்துவதில்லை; தவறாகப் பொருத்தினால் ஊறும் செய்யும். நோயின் வளர்ச்சியை நிறுத்தும் முயற்சி வேறு: 2003இல் ட்ரெஸ்டன் மருத்துவர்கள் வெளியிட்ட, ரிபோஃபிளேவின் சொட்டுமருந்தும் புறஊதாக் கதிரும் கொண்டு படலத்தின் நார்களை இறுக்கும் சிகிச்சை. அது கூம்பைப் பெரும்பாலும் அங்கேயே நிறுத்தும். பழைய வடிவைத் திருப்பித் தராது. ஆதலால் அதன்பின்னும் பலர்க்கு வில்லை வேண்டும்.

சோதனைக்கு ஒரு நாள். செய்து வந்த வில்லையைப் பெற்று, வைக்கவும் எடுக்கவும் பழக ஒரு நாள். முதலில் சில மணி நேரம் அணிந்து மெல்லக் கூட்டி, சில வாரங்களில் சரிபார்க்க ஒரு நாள். அளவு ஒவ்வாவிட்டால் மீண்டும் முதலிலிருந்து. அதன்பின்னும் ஆண்டுதோறும் வர வேண்டும். இளையோர்க்கு இன்னும் அடிக்கடி. கூம்பு மாறினால் வில்லையும் மாற வேண்டும். கண்புரைக்கு ஒரு முகாம், ஒரு பேருந்து, ஓர் அறுவை என்று அமைத்துவிடலாம். இதற்கு அவ்வழி பொருந்தாது. நோயாளியின் வீட்டிலிருந்து பொருத்துநரின் நாற்காலிவரை உள்ள தொலைவு, இச்சிகிச்சையில் வில்லையின் அளவைப் போலவே முதன்மையான ஓர் எண்ணாகிறது.

6. சென்னை, வேலூர், சித்தூர், திருப்பதி

இனி அத்தொலைவின் வரலாறு. 1819இல் சென்னையில் தொடங்கிய கண் மருத்துவமனை, லண்டன் மூர்ஃபீல்ட்ஸுக்கு அடுத்து உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளுள் ஒன்று. இன்று எழும்பூர் கண் மருத்துவமனை என நாம் அறிவது அதுவே. சென்னை மாகாணத்தின் வட ஆர்க்காடு மாவட்டத்திற்கு அக்காலத்தில் சித்தூரே தலைநகர். 1911இல் சித்தூர் தனி மாவட்டமாயிற்று. 1953இல் ஆந்திர மாநிலம் பிறந்தது. 1960இல் படாஸ்கர் தீர்ப்பின்படி திருத்தணி சென்னை மாநிலத்திற்கு வந்தது. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்தது. கோடுகள் மாறியபோதும் நில அமைப்பு மாறவில்லை. சித்தூரிலிருந்து வேலூர் ஏறத்தாழ 35 கி.மீ.; சொந்த மாவட்டத்தின் திருப்பதியோ அதுபோல் இருமடங்கு. வேலூரில் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் கண் பிரிவு, ஐடா ஸ்கடர் 1902இல் திறந்த மேரி டேபர் ஷெல் மருத்துவமனை வளாகத்தில் இயங்கியது. திருப்பதியிலிருந்து சென்னைக்கு ரேணிகுண்டா, அரக்கோணம் வழியாக ரயில். மாநில எல்லையைக் கடந்து செல்வதே இவ்வட்டாரத்தின் மருத்துவப் பாதையாக இருந்தது.

அப்பாதையின் முனையில் கூம்பு நோயாளிக்குக் கிடைத்தது என்ன? எழும்பூரில் ஆர்.இ.எஸ். முத்தையா 1945இல் நாட்டின் முதல் கண் வங்கியை நிறுவி, 1948இல் கருவிழி மாற்று அறுவையைச் செய்தார். டூயியின் சிறு பிளாஸ்டிக் வில்லைக்கும் அதே ஆண்டு என்பது கருதத்தக்கது. கூம்பு நோயாளிக்கு இரு வழிகள் ஒரே ஆண்டில் திறந்தன: கண்ணை மாற்றுவது ஒன்று, கண்ணின்மேல் இன்னொரு பரப்பை வைப்பது மற்றொன்று. முதலாவதற்குக் கொடையாளியும் அறுவை மருத்துவரும் வேண்டும். இரண்டாவதற்குப் பயின்ற பொருத்துநர் வேண்டும். முதலாமவர்க்கு நம் நாட்டில் பெயரும் புகழும் உண்டு. இரண்டாமவரை உருவாக்கும் கல்வி நெடுங்காலம் பின்தங்கியிருந்தது. 1978இல் எஸ்.எஸ். பத்ரிநாத் சென்னையில் தொடங்கிய சங்கர நேத்ராலயா, 1985இல் எலைட் ஆப்டோமெட்ரி பள்ளியை நிறுவிப் பட்டப்படிப்பாக அக்கல்வியைத் தந்தது. 1987இல் ஹைதராபாத்தில் குல்லபல்லி நாகேஸ்வர ராவ் தொடங்கிய எல்.வி. பிரசாத் கண் மருத்துவ நிறுவனமும் தொடுவில்லைப் பொருத்துதலைத் தனித்துறையாக வளர்த்தது. பாஸ்டன் நகரில் பெர்ரி ரோசென்தால் வளர்த்தெடுத்த பெரிய ஸ்கிளிரல் வகையை அங்குள்ள மருத்துவர்கள் பொருத்தி, அந்த இந்திய அனுபவத்தை 2011இல் வெளியிட்டனர்.

திருப்பதியில் 1960 முதல் ஸ்ரீ வேங்கடேஸ்வரா மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. 1976இல் மதுரையில் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் கிளை, திருமலை திருப்பதி தேவஸ்தானம் அளித்த நிலத்தில் 2019இல் திருப்பதியில் திறக்கப்பட்டது. சென்னைக் கண் மருத்துவமனைக்கும் அதற்கும் இடையே சரியாக இருநூறு ஆண்டுகள். புத்தூரிலோ நகரியிலோ வாழும் ஒரு மாணவி, காலையில் பேருந்தேறிப் பெரிய கண் மருத்துவமனைக்குச் சென்று மாலையில் வீடு திரும்பலாம் என்ற நிலை, மேற்சொன்ன மூன்று நான்கு வருகைகளைப் பொறுத்தவரை எவ்வளவு பெரிய மாற்றம் என்பதை எண்ணிப் பாருங்கள். இரவு தங்கல் இல்லை. உடன்வரும் தந்தையின் கூலி பல நாள் இழப்பாவதில்லை. பலமநேர், குப்பம் பக்கம் வாழ்வோர்க்கு இன்னும் அத்தொலைவு குறையவில்லை என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

தேவையின் அளவு சிறிதன்று. அமெரிக்காவின் மினசோட்டாவில் 1986இல் வெளியான புகழ்பெற்ற ஆய்வு, ஒரு லட்சம் பேரில் ஏறத்தாழ 54 பேர்க்குக் கெரடோகோனஸ் என்றது. பாடநூல்கள் இதனை ‘அரிய நோய்’ என்று எழுதியது இதனால்தான். 2009இல் மகாராஷ்டிரத்தின் ஊரகப் பகுதியில் 30 வயதுக்கு மேற்பட்டோரிடம் செய்த ஆய்வு, 48 டயாப்டருக்கு மேல் வளைந்த கருவிழியை அளவுகோலாகக் கொண்டு 2.3 விழுக்காடு என்றது. இரு ஆய்வுகளின் அளவுகோல்களும் வேறு. எனவே எண்களை நேருக்கு நேர் நிறுத்தக் கூடாது. ஆயினும், இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் ஒரே மருத்துவமனையில் ஒப்பிட்டபோதும் தெற்காசிய வழியினரிடம் இந்நோய் நான்கு மடங்குக்கு மேல் காணப்பட்டது. அவர்கள் இளம் வயதிலேயே நோயுடன் வந்தனர். மேலைநாட்டில் அரிது என்பது நம் ஊரில் அரிது என்பதற்குச் சான்றாகாது. வெப்பமும் வறட்சியும் மிகுந்த நிலங்களில் பிள்ளைகளுக்குக் கண் ஒவ்வாமை மிகுதி. ஒவ்வாமையால் கண்ணைக் கசக்கும் பழக்கம் இந்நோயோடு நெருங்கிய தொடர்புடையது. ராயலசீமையின் கோடையை அறிந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

7. புள்ளியும் தலைக்கட்டும்

இறுதியாக, எழுத்தைப் பற்றி. பார்வையை அளக்கும் பலகை 1862இல் ஹெர்மன் ஸ்னெல்லன் அமைத்த மரபைச் சேர்ந்தது: வெண்பரப்பில் தனித்தனியாக நிற்கும் பெரிய கரிய ரோமன் எழுத்துக்கள். கூம்பு நோயாளி அவற்றை நிழல்களுக்கிடையே ஊகித்துப் பல வரிகள் படித்துவிடுவதுண்டு. சீட்டில் வரும் எண் நம்பிக்கையூட்டும். வகுப்பறையில் நிலைமை வேறு. தமிழில் ‘க’, ‘க்’ இரண்டையும் பிரிப்பது ஒரு புள்ளி. ‘கி’, ‘கீ’ இரண்டையும் பிரிப்பது ஒரு சிறு சுழி. தெலுங்கில் ‘ப’வும் ‘வ’வும் தலைக்கட்டின் கீழே மேற்புறம் திறந்துள்ளதா மூடியுள்ளதா என்பதில் வேறுபடுகின்றன. ஒவ்வொரு எழுத்துக்கும் இரண்டு நிழல் விழுந்தால் முதலில் அழிவது இந்தப் புள்ளியும் சுழியும் திறப்புமே. சித்தூர் எல்லையில் இரு எழுத்துமுறைகளையும் கற்கும் பிள்ளை இரண்டிலும் தடுமாறும்; அதனைக் ‘கவனமின்மை’ என்று மதிப்பெண் பட்டியல் எழுதிவிடும்.

ஆகவே கண்ணியல் துறையினரோடு மொழித்துறையினர் சேர்ந்து செய்யத்தக்க பணிகள் உள்ளன. முதலாவது, நிழல்பார்வையை வெளிப்படுத்தும் வகையில் தமிழ், தெலுங்கு எழுத்துக்களைக் கொண்டு வாசிப்புப் பலகைகளை அமைத்தல். இரண்டாவது, நோயாளிகள் தம் பார்வையை விவரிக்கும் சொற்களைத் தொகுத்தல்: ‘ரெண்டு ரெண்டாத் தெரியுது’, ‘எழுத்து வால் விடுது’, ‘மசமசங்குது’ போன்றவற்றுள் எவை எந்நோயைச் சுட்டுகின்றன என்பது ஆப்டோமெட்ரிஸ்ட்டுக்குப் பயன்படும் அறிவு. மூன்றாவது, எளிய பெயர் ஒன்றை வழக்கிற்குக் கொண்டுவருதல். ‘கூம்புக் கருவிழி’ என்று நான் இப்பதிவில் எழுதியுள்ளேன். அதன் முற்பகுதி உண்மை. பிற்பகுதி நிறத்தில் பிழை. ஆயினும் மக்களுக்குப் புரியும். ஆறு மாதத்துக்கொரு முறை கண்ணாடிப் பவர் மாறிக்கொண்டே போனால், குறிப்பாகச் சிலிண்டர் பவர் ஏறிக்கொண்டே போனால், ‘கூம்பா இருக்குமோ, படம் எடுத்துப் பாருங்கள்’ என்று ஓர் ஆசிரியர் சொல்லும் நாள் வர வேண்டும். அச்சொல் பிறந்தால் பல பிள்ளைகள் சில ஆண்டுகள் முன்னதாகவே மருத்துவமனை நாற்காலியை அடைவர்.

திருப்பதி, குப்பம் பல்கலைக்கழகங்களிலும் தமிழ்நாட்டின் மொழியியல் துறைகளிலும் உள்ள நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். சித்தூர் மாவட்டத் தமிழிலோ தெலுங்கிலோ இந்நோய்க்கு, அல்லது ஒரே கண்ணில் பல உருவம் தெரிவதற்கு, மக்கள் வழக்குச் சொல் ஏதேனும் அறிந்திருந்தால், ஊர்ப்பெயருடன் கீழே எழுதுங்கள். கடின வில்லை அணிவோர் எவரேனும் இதனை வாசித்தால், அணிவதற்கு முன்னும் பின்னும் எழுத்து எவ்வாறு தெரிந்தது என்பதைத் தம் சொற்களில் பகிர்ந்தால் நன்றியுடையேன்.

ஒன்றை மட்டும் மருத்துவர்கள் சொல்வதிலிருந்து எடுத்துச் சொல்லி முடிக்கிறேன்: கண்ணைக் கசக்காதீர்கள்; வில்லையைக் குழாய்நீரில் கழுவாதீர்கள்.